முதல் ஓட்டம் கணக்கில் வராது

எதையும் யாரையும் அவர் "ஸ்லோ" என்று சொல்லி நான் கேட்டதில்லை. மற்ற நாங்கள் எல்லோரும் நாள் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்போம். மெஷின் ஸ்லோ, நெட் ஸ்லோ, லிஃப்ட் ஸ்லோ, கேன்டீன் மாஸ்டர் ஸ்லோ. அவர் காதில் விழுந்தால் போதும், தலையைத் தூக்காமலே "எதைவிட?" என்று ஒரு கேள்வி வரும். சேர்ந்த புதிதில் எனக்கு இது பெரிய எரிச்சலாக இருந்தது. டீ வரத் தாமதமாகிறதே என்று அலுத்துக்கொள்கிறவனிடம் எதைவிட என்று கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் கீழே லேத் பட்டறை, மேலே எங்கள் கம்பெனி. பழைய கட்டடம். பெரிய சர்வர்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் எட்டு கிராபிக்ஸ் கார்டு பொருத்தி, ஏ.ஐ. வேலை செய்கிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது எங்கள் தொழில். கார்டு எவ்வளவு கெட்டிக்காரக் கார்டாக இருந்தாலும், அதற்குத் தீனி கம்ப்யூட்டரின் மெமரியிலிருந்துதான் போகவேண்டும். அந்தத் தீனி என்ன வேகத்தில் போகிறது என்று அளந்து பார்த்த பிறகுதான் வாடிக்கையாளரிடம் கொடுப்போம். அளப்பது அவர் வேலை. ஆறு வருடமாக அதே வேலை, அதே ஒப்பந்தம். வருடா வருடம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிப்பார்கள். நான் பின்னால் வந்தவன், ஆனால் கம்பெனி ஆள். அளக்கிற ஸ்கிரிப்ட்டுகளை, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகளை, எழுதுவது என் வேலை. அவர் என்னைவிட நாலைந்து வயது பெரியவர், இருந்தும் என்னை "சார்" என்பார். அதில் கொஞ்சம் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டெஸ்ட் ரூம் ஒரு குளிர்பெட்டி. வெளியே மண்ணூர்பேட்டை ரோடு வெயிலில் கொதித்துக்கொண்டிருக்கும்போது அவர் சுடிதாருக்கு மேல் பழுப்பு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு உள்ளே போவார். நூறு மின்விசிறிகள் ஒன்றாக இரைகிற சத்தம் என்பதால் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொள்வார். வெளியே வந்த பிறகு அதை எடுக்க மறந்துவிடுவார். நாங்கள் கத்திப் பேசுவோம், அவர் மெதுவாகப் பதில் சொல்வார். பார்க்கிறவர்களுக்கு நாங்கள் அவரோடு சண்டை போடுவது போலத் தோன்றும்.

அவர் அளக்கும் முறைக்கு ஒரு சட்டம் உண்டு. மூன்று தடவை ஓட்டுவார். முதல் ஓட்டத்தின் எண்ணைத் திரையில் பார்க்கக்கூட மாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். "முதல் ஓட்டம் கணக்குல வராது சார். அது தூங்கி எழுந்திரிக்கிற நேரம். அந்த நேரத்துல யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் இருப்பாங்க." இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக வந்தால், "மாறல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நீளமான கோடு போட்ட நோட்டில் நீல மையில் எழுதுவார். கம்ப்யூட்டரில் தானாகப் பதிவாகிற எண்ணை எதற்கு நோட்டில் எழுத வேண்டும் என்று கேட்டேன். "எழுதறப்போ ஒரு தடவை யோசிப்போம்ல" என்றார்.

இரண்டும் மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால்? நாலாவது தடவை ஓட்ட மாட்டார். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நடுவில் எது மாறியது என்று தேடுவார். கிடைத்த பிறகு மறுபடி ஒன்றிலிருந்து. அவசரத்தில் ஒரு நாள் நான், "இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடலாமே மேடம்" என்றேன். அப்போதுதான் முதல்முறையாக என்னைக் கொஞ்சம் கண்டிப்பாகப் பார்த்தார். "நாலாவது ஓட்டம்னு ஒண்ணு கிடையாது சார். அது நமக்குப் புடிச்ச எண் வர்ற வரைக்கும் ஓட்டிட்டே இருக்கிறது."

மதியம் ஒரு மணிக்கு நாங்கள் எல்லோரும் சாப்பிடப் போகும்போதுதான் அவர் உள்ளே போவார். ஒன்றே முக்காலுக்கு வெளியே வந்து, வராந்தாக் கடைசியில் ஜன்னலோரம் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார். அதற்குள் நாங்கள் கை கழுவி, ஏப்பம் விட்டு, சீட்டுக்குத் திரும்பியிருப்போம். ஆளோடு ஆளாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காத ரகம் என்று நானாக முடிவு செய்திருந்தேன். ஒரு நாள் கேட்டுவிட்டேன். "நீங்கள்லாம் இருந்தா ஆளுக்கொரு வேலையை மெஷின்ல ஓட்டிட்டு இருப்பீங்க. எண் ஆடும். எல்லாரும் போனாத்தான் சுத்தமா வரும்" என்றார். சனிக்கிழமை காலையில் அவர் மட்டும் வருவதும் அதற்குத்தான். யோசித்துப் பார்த்தேன். ஆறு வருடமாக, யாரும் இல்லாத நேரங்களாகப் பார்த்துப் பொறுக்கி வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார். ஒருநாளாவது நான் என் டிபன் பாக்ஸை ஒன்றே முக்காலுக்கு எடுத்துப் போயிருக்கலாம். போகவில்லை. எனக்கு ஒரு மணிக்கே பசித்துவிடும்.

அவரோடு எப்போதாவது உட்காருகிற ஒரே ஆள் சவரிமுத்து. சர்வர்களைத் தூக்குவது, கார்டு பொருத்துவது, கேபிள் இழுப்பது எல்லாம் அவர். நாற்பது வயது, அகலமான கை, அந்தக் கையால் சின்னச் சின்ன ஸ்க்ரூவைப் பூ எடுப்பது போல எடுப்பார். அம்பத்தூரில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு. ஒருமுறை சவரிக்குக் காய்ச்சல். ஆபீஸ் முதலுதவிப் பெட்டியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து வந்த மேடம் அதைச் சவரிக்கு வைக்கவில்லை. முதலில் தன் நாக்கடியில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா மேடம், ஜுரம் எனக்கா உனக்கா?" என்றார் சவரி.

பதில் சொல்ல வாயில் இடமில்லை. எடுத்துப் பார்த்து, கழுவித் துடைத்துவிட்டு, "எனக்குச் சரியா காட்டுது. இப்ப உங்களுக்கு வைக்கலாம்" என்றார். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே சவரி சிரித்த சிரிப்பு மாடி முழுக்கக் கேட்டது.

மேடம் வீட்டுக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடைக்கு மேலே ஒற்றை அறை. அவர் மறந்து வைத்துவிட்டுப் போன டெஸ்ட் ரூம் சாவியைக் கொடுக்கப் போனேன். சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கடிகாரம். எதற்கு இரண்டு என்று கேட்டேன். "அம்மா இருந்தப்போ ஒண்ணுதான். மணி சரியான்னு அவங்களைக் கேட்டுக்குவேன். இப்ப கேக்க ஆளில்ல, அதான் இன்னொண்ணு" என்றார். ஏதோ கடையில் சாமான் வாங்கியதைச் சொல்வது போலச் சொன்னார். அதற்கு நான், "கல்யாணம் ஏதும்…" என்று இழுத்து வைத்தேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. "ஒரு தடவை வந்து பார்த்தாங்க சார். ஒரே தடவையிலயே வேண்டாம்னு எழுதிக்கிட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று உறைத்தது.

அவர் என்னைக் காப்பாற்றிய கதையையும் சொல்லிவிட வேண்டும். சேர்ந்த இரண்டாவது மாதம் என் புது ஸ்கிரிப்ட் நொடிக்கு நானூறு ஜிபி வேகம் காட்டியது. கார்டு செருகியிருக்கும் ஸ்லாட் தலைகீழாக நின்றாலும் நொடிக்கு முப்பத்திரண்டைத் தாண்டாது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் நல்ல எண் வந்தால் யாருக்குத்தான் சந்தேகப்பட மனசு வரும்? துள்ளிக் குதித்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடினேன். மேனேஜர் திரையைப் போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டார். ஆளாளுக்குக் கைதட்டல் பொம்மை அனுப்பினார்கள்.

மாலை வராந்தா காலியாகும்வரை காத்திருந்து மேடம் வந்தார். காதிலிருந்து பஞ்சை எடுத்தார். அன்றைக்கு மட்டும் ஞாபகமாக எடுத்தார்.

"சார், அது போய்ச் சேர்ந்துச்சா?"

"எது?"

"நீங்க அனுப்புனது. அனுப்புன்னு சொன்ன உடனே கடிகாரத்தை நிறுத்திட்டீங்க. போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம் நிறுத்தல. தபால் பெட்டியில போட்டதுமே லெட்டர் கிடைச்சிருச்சுன்னு சொல்ற மாதிரி ஆயிருச்சு."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் சொன்னது அத்தனையும் சரி. அனுப்பும் கட்டளை உடனே முடிந்துவிடும், தரவு அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் ஒரே ஒரு வரியை நான் எழுதவில்லை. "யார்கிட்டயும் சொல்லல. நீங்களே பார்த்துக் கண்டுபிடிச்ச மாதிரி சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பஞ்சைத் திரும்ப வைத்துக்கொண்டு போனார். மறுநாள் மேனேஜரிடம் அப்படியே சொன்னேன். தன் தவறைத் தானே கண்டுபிடித்துச் சொல்கிற ஆள் கிடைப்பது அபூர்வம் என்று எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். மேடமும் அங்கேதான் நின்றிருந்தார். அவர் பெயரைச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பாராட்டு நன்றாக இருந்ததால் சொல்லவில்லை.

அடுத்ததாக வந்தது அந்த எட்டு கார்டு விவகாரம்.

புது சர்வர் ஒன்று, எட்டு கார்டு. இடது பக்கம் நாலு, வலது பக்கம் நாலு. ஒரு வாரத்தில் வாடிக்கையாளரிடம் போயாக வேண்டும். என் ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். இடது பக்கத்து நாலும் நொடிக்கு இருபத்தைந்து ஜிபி. வலது பக்கத்து நாலும் பதின்மூன்று. அப்படியே பாதி. அந்த வலது பக்கத்து நாலை மாட்டிய அன்று லிஃப்ட் ஓடவில்லை, சவரி பெட்டிகளைப் படியில் சுமந்து வந்தார், ஒரு பெட்டி உருண்டு விழுந்ததை லேத் பட்டறைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். பிறகென்ன, எல்லாம் பொருந்திவிட்டது. நான் ரிப்போர்ட் எழுதினேன்: நான்கு கார்டுகள் பழுது, காரணம் கவனமின்றிக் கையாண்டது.

மேனேஜர் சவரியைக் கூப்பிட்டார். சவரியும் ஒப்பந்த ஆள்தான். அந்த மாதம்தான் அவரைக் கம்பெனி ஆளாக எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. இப்போது வேலையே போகிற நிலைமை. கேபினிலிருந்து வெளியே வந்தவர் நேரே என் மேஜைக்கு வந்தார்.

"பொட்டி உழுந்தது வாஸ்தவம் சார். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அது காலி பொட்டி. கார்டெல்லாம் முன்னாடியே மேல ஏத்திட்டேன். அஞ்சு வருசமா கீறேன் இங்க, ஒரு ஸ்க்ரூ தொலைச்சிருப்பேனா? நீ எழுதினா தான் சார் அவுங்க நம்புவாங்கோ. கொஞ்சம் மாத்தி எழுது சார்."

"நம்பர் அப்படித்தானே காட்டுது அண்ணே" என்றேன். இந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த ரிப்போர்ட்டில் நான் செய்த இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் கம்பெனி படிவத்தில் அடியில் இரண்டு கட்டம் இருக்கும். "எழுதியவர்", "சரிபார்த்தவர்". இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் படிவம் மேலே போகாது. அன்று மதியம் மேடம் டெஸ்ட் ரூமில் வேறொரு மெஷினோடு இருந்தார். உள்ளே போய்க் காட்டினால் முதலிலிருந்து மூன்று தடவை ஓட்டச் சொல்வார், நாள் போய்விடும். சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் நானே அவர் பெயரை அடித்துவிட்டேன். இது பெரிய பாவமாகத் தெரியவில்லை. ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம், ஒருவர் பெயரை ஒருவர் போட்டுக்கொள்வோம். அவர் மட்டும் யார் பெயரையும் போட்டதில்லை.

சவரி அவரிடமும் போய் அழுதிருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை அவர் மேனேஜரிடம் போய், "நாளைக்குக் காலையில மெஷின் எனக்கு மட்டும் வேணும். அப்புறம் முடிவு பண்ணிக்கோங்க" என்றார். சனிக்கிழமை நானும் போனேன். என் எண்கள் சரி என்று நிரூபணமாவதைப் பார்க்கத்தான் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆபீஸ் வெறிச்சென்று இருந்தது. அவர், சவரி, நான்.

"சவரி, இந்தப் பக்கத்து நாலை அந்தப் பக்கம் போடுங்க. அந்தப் பக்கத்து நாலை இங்க."

"மாத்திப் போட்டா சரியாயிடுமா மேடம்?"

"சரியாகாது. தப்பு யார்மேலன்னு தெரியும். கார்டு கெட்டுப்போயிருந்தா கெட்டது அது கூடவே போகும்ல?"

சவரி கழுத்தில் கிடந்த சிலுவையை ஒருமுறை தொட்டுக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். எட்டு கார்டையும் கழற்றி மாற்றி மாட்ட ஒரு மணி நேரம் ஆனது. முதல் ஓட்டம் ஓடியது. சவரி எட்டிப் பார்த்து, "மேடம், பத்து, பதினொண்ணுன்னு என்னமோ வருது!" என்று பதறினார். "அதைப் பார்க்காதீங்க" என்று மேடம் அவரையும் திருப்பி நிறுத்தினார். இரண்டாவது. மூன்றாவது.

இடது பக்கம் இருபத்தைந்து. வலது பக்கம் பதின்மூன்று.

கார்டுகள் இடம் மாறிவிட்டன. வேகக் குறைவு இடம் மாறவில்லை. கெட்டவை என்று நான் எழுதிய நாலு கார்டும் இடது பக்கம் உட்கார்ந்து முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. நல்லவை என்று எழுதிய நாலும் வலது பக்கம் போய்த் தவித்தன.

"மாறல," என்றார். பிறகு சவரியைப் பார்த்து, "கார்டு மேல குத்தம் இல்ல. அது உக்காந்திருக்கிற இடம் அப்படி" என்றார்.

சவரிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிய ஆரம்பித்தது.

"உங்க வீடு தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம்?" என்று சவரியைக் கேட்டார்.

"அந்தப் பக்கம் மேடம்."

"அரிசியெல்லாம் இந்தப் பக்கத்துக் கடையிலயே வச்சுட்டு, உங்க வீட்டுக்கு மட்டும் ஏன் லேட்டா வருதுன்னு கேட்டா?"

"அது எப்படி, சுத்திக்கினு தானே வரணும்?"

"அதான். இந்த மெஷின்ல ரெண்டு ப்ராசஸர். ஆளுக்கொரு மெமரி. இடது பக்கத்துக் கார்டுக்கு இது கிட்ட, வலது பக்கத்துக் கார்டுக்கு அது கிட்ட. நாம எல்லாத் தீனியையும் இடது பக்கத்துலயே வச்சு அனுப்பியிருக்கோம்."

"நாம" என்றார். அனுப்பியது நான் மட்டும்தான். என் ஸ்கிரிப்ட்டைத் திறந்து, எந்தப் பக்கத்து மெமரி என்று சொல்லாமல் விட்டிருந்த வரியைக் கண்டுபிடித்து, அந்தந்தக் கார்டுக்கு அந்தந்தப் பக்கம் என்று திருத்தினார். மறுபடி மூன்று தடவை. எட்டும் இருபத்தைந்து.

"எட்டும் ஓடுதா மேடம்? எட்டுமா?"

"மாறல சவரி. எட்டும்."

சவரி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். விசிறிகளின் இரைச்சலில் சத்தம் கேட்கவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அவர் சவரிக்குப் பக்கத்தில் போய் நின்றார். தோளைத் தொடலாமா என்று கை கொஞ்சம் நீண்டது, பிறகு ஸ்வெட்டர் பைக்குள் போய்விட்டது.

திங்கட்கிழமை மேனேஜர் மேடத்தையும் என்னையும் கூப்பிட்டார். சவரிக்கு ஒன்றுமில்லை, அது முடிந்தது. ஆனால் தப்பான ரிப்போர்ட் வாடிக்கையாளர்வரை போயிருந்தது, அவர்கள் காரணம் கேட்டிருந்தார்கள். யாராவது ஒருவர் தலை வேண்டும். மேனேஜர் படிவத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஸ்கிரிப்ட்ல தப்பு வரலாம் மேடம், அதுக்குத்தான் ரெண்டாவது ஆள் பார்க்கிறது. சரிபார்த்தவர்னு உங்க பேர் இருக்கு. நீங்க எப்படி விட்டீங்க?"

அவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். பிறகு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. எதிர்பாராத ஓர் எண் வந்தால் முடிவு எதுவும் எடுக்காமல் திரையைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. நான் மேஜைமேல் இருந்த ஏ.சி. ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆறு மாதம் முடிந்து, வேலை நிரந்தரமாகும் கடிதம் அந்த வாரம் வர வேண்டியிருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை, பயம்தான்.

"என் பேர் இருக்கு. ஆமா" என்றார் அவர். தெரிந்ததை மட்டும் சொல்கிற ஆள். மேனேஜர் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார். அந்த மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கவில்லை என்று இரண்டே நாளில் மெயில் வந்தது. எனக்கு நிரந்தரக் கடிதம் அதே வாரம் வந்தது. அவரைக் கேட்காமல் அவர் பெயரை ஒருமுறை எழுதியிருக்கிறேன். அதனால்தான் இங்கே எழுதவில்லை.

சவரி இன்னும் எங்களோடுதான் இருக்கிறார், இப்போது கம்பெனி ஆள். "எனக்காக எதிர்த்து நின்னாங்கோ, அதான் மேடம் வேலை போச்சு. என்னால தான் சார்" என்று பல தடவை என்னிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். கிறிஸ்துமஸுக்குக் கேக் எடுத்துக்கொண்டு கரையான்சாவடிக்குப் போனாராம். அறை பூட்டியிருந்தது, காலி செய்துவிட்டுப் போய்விட்டார் என்று ஹார்டுவேர் கடையில் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குற்ற உணர்வைச் சுமக்க வேண்டியவன் நான், சவரி சுமந்துகொண்டிருந்தார். இரண்டு வருடம் சுமக்க விட்டேன். போன மாதம் டீக்கடையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சவரி கிளாஸை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இப்ப இன்னாத்துக்கு சார் சொல்ற?" என்றார். எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு என்னோடு வேலையைத் தவிர வேறு பேச்சு இல்லை.

மேடம் என்னைக் கேட்கவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கேட்டார். அந்தத் திங்கட்கிழமை மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்ததும் வராந்தாவில் நின்று, "சார், ஏதாவது சொல்லணுமா?" என்றார். "இல்லயே மேடம்" என்றேன். அவர் முகம் மாறவில்லை. பத்து நாள் கழித்து, ஒன்றே முக்காலுக்கு, ஜன்னலோரம் டிபன் பாக்ஸைத் திறந்தபடி, அந்த வழியாகப் போன என்னிடம் அதே கேள்வியை அதே குரலில் கேட்டார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. "ஒண்ணுமில்ல மேடம், ஒரு கால் இருக்கு" என்று சொல்லிவிட்டு, இல்லாத போன் காலுக்கு வேகமாக நடந்தேன்.

கடைசி நாள் எஸ்டேட் பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். ஒரு பையில் ஸ்வெட்டரும் நோட்டுகளும். சாயங்கால வெயில், ஷிப்ட் விட்ட கூட்டம். பூந்தமல்லி பஸ் திரும்புவது தெரிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். காதில் பஞ்சு இல்லை.

"சார், ஏதாவது சொல்லணுமா?"

தொண்டை வரை வந்தது. பொய்யில்லை, நிஜமாகவே வந்தது. பஸ் வந்து நின்றது, ஜனம் இடித்தது.

"இல்ல மேடம். பார்த்துப் போங்க."

அவர் தலையாட்டினார். நோட்டில் எழுதுவதற்கு முன்னால் ஆட்டுவாரே, அதே போல.

"மாறல," என்றார். ஏறிக்கொண்டார்.

மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் என்னை எழுதிக்கொண்டு போனார். முதலாவதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுக்கொடுத்திருக்கிறார். இரண்டாவதும் மூன்றாவதும் நானே கொடுத்த எண். இதோ இப்போது எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதுகிறேன். இது நாலாவது ஓட்டம். அவரிடம் நாலாவது கிடையாது.